உம்மாவிடம் சொல்லுங்கள்

முழங்கால் தேய்ந்து, ஸுஜூதுக்குச் செல்வதே வேதனையாகிவிட்ட முதியோர் நம் வீடுகளில் பலர். தேய்ந்த எலும்பு முனைகளைச் செதுக்கி உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்தும் மூட்டு மாற்று ஆபரேஷன், அல்லாஹ்வின் அருளால் அவர்களில் பலரை மீண்டும் நடக்க வைக்கிறது. அதில் ஐயமில்லை. நாம் கேட்பது வேறு: ஆபரேஷனுக்கு முன் அதன் விவரம் யாரிடம் சொல்லப்படுகிறது?

பெரும்பாலும் மகனிடம். "உம்மா பயந்துவிடுவார்கள், அவர்களிடம் சொல்லவேண்டாம்" என்று டாக்டரின் வாயை நாமே அடைத்துவிடுகிறோம். பாசத்தால் செய்வதுதான். ஆனால் அந்த உடலை அல்லாஹ் அமானிதமாகக் கொடுத்திருப்பது உம்மாவிடம், மகனிடமன்று. மயக்கத்தில் இருந்த மகளுக்காகத் தாய் கொடுத்த ஒப்புதல் செல்லாது என்றும், போதிய விவரம் சொல்லி நோயாளியிடமே ஒப்புதல் பெறவேண்டும் என்றும் 2008-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர் காக்கும் அவசரம் மட்டுமே விதிவிலக்கு.

இது நமக்குப் புதிதன்று. தாபிஈன்களில் சிறந்தவரான உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் கால் அழுகியபோது, அதை வெட்டியெடுக்க வேண்டுமென்று மருத்துவர்கள் அவர்களிடமே சொன்னார்கள். வலி தெரியாதிருக்க மயக்கமூட்டும் பானம் தருவதாகவும் சொன்னார்கள். அவர்கள் பானத்தை மறுத்தார்கள்; வெட்டுவதற்கு இசைந்தார்கள். விவரம் தெரிந்ததால்தான் மறுக்கவும் இசையவும் முடிந்தது.

கிருமி தொற்றலாம், இரத்தம் உறையலாம், ஆண்டுகள் கழித்து மூட்டு தேய்ந்து மறுபடி ஆபரேஷன் தேவைப்படலாம் என்பவற்றை டாக்டர் சொல்வார். ஆனால் தொழுகையாளிக்கு முக்கியமான இரண்டை நாம்தான் கேட்கவேண்டும். ஒன்று: மாற்றிய மூட்டு பலருக்கு 110, 120 பாகை அளவே மடங்கும். அத்தஹிய்யாத்தில் அமர அது போதாது. இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கத்தில் இடமுண்டு, குற்றமில்லை. ஆயினும் பழையபடி ஸுஜூது செய்யலாம் என்ற ஆசையோடு சம்மதித்தவர், பிறகு உண்மையை அறிந்தால் உள்ளம் உடைந்துபோவார். மற்றொன்று: இரத்தம் உறையாதிருக்கப் போடும் ஹெப்பாரின் வகை ஊசிமருந்து பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. செயற்கையாகத் தயாரித்த மாற்று மருந்துகளும் உண்டு. தமக்கு எது பொருந்தும் என்று டாக்டரிடமும், நிர்ப்பந்தத்தின் சட்டம் என்னவென்று ஆலிமிடமும் முன்பே கேட்கலாம். ஊசி போட்டபின் கேட்டுப் பயனென்ன?

கேட்பது தவக்குலுக்கு மாற்றமன்று. அறிந்து, முடிவெடுத்து, பிறகு அல்லாஹ்விடம் ஒப்படைப்பதே தவக்குல். ஆகவே உம்மாவின் கட்டிலருகே டாக்டரை உட்காரச் சொல்வோம், உம்மா கேட்கட்டும். வல்ல நாயன் நம் நோயாளிகளுக்கு ஷிஃபா அளிப்பானாக! ஆமீன்.