மார்க்கும் ஸ்தானமும்

கணக்குப் பரீட்சையில் ஒரு மாணவன் 100க்கு 90 வாங்குகிறான் என்போம். அந்த 90 அவன் அறிந்ததைச் சொல்லுகிறது. வகுப்பில் அவன் எத்தனையாவது என்பதோ மற்றவர்களின் மார்க்கையும் பொறுத்தது. ஒரு வகுப்பில் அவனை முதல்வனாக்கும் அதே 90, வேறொரு வகுப்பில் அவனைப் பதினைந்தாவதாக நிறுத்தும்.

இதனால் விளையும் கேடு யாது? பக்கத்துப் பையனுக்குப் பித்தகோரஸ் தேற்றத்தை விளக்கிச் சொன்னால், சொல்பவனுடைய அறிவு எள்ளளவும் குறையாது, இன்னும் உறுதிப்படும். ஆனால் அவன் ஸ்தானம் இறங்கக்கூடும். ஆகவே ஸ்தானத்தையே நாடுகிறவன் அயலானின் அறியாமையை விரும்பப் பழகுகிறான். இதற்குக் காய்மகாரம் என்று பெயர்.

கல்லூரியில் இடம் குறைவு, தரவரிசை வேண்டாமா என்பீர்கள். வேண்டும். அது இடங்களைப் பங்கிடும் வழி. மனிதனை அளக்கும் கோல் அன்று.

தமிழ்நாட்டில் 10, 12ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கம் 2017இல் நிறுத்தப்பட்டது. நம் வீடுகளில் நின்றதா?

பெற்றோரே, பரீட்சைத் தாளுடன் வரும் பிள்ளையிடம் "எத்தனையாவது?" என்று கேளாதீர்கள். "எந்தக் கணக்கு விளங்கவில்லை? யாருக்கு விளங்கச் சொன்னாய்?" என்று கேளுங்கள்.