இல்லை என்று சொல்லும் கடன்

பயண நிறுவனங்களின் மென்பொருள் நேர்காணல்களில் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. ஹோட்டலில் ஒரே ஓர் அறைதான் மிச்சம். இரண்டு பேர் ஒரே நொடியில் அதை புக் செய்கிறார்கள். என்ன செய்வீர்கள்? முதலில் வந்தவருக்கு அறையை லாக் செய்வேன் என்பது பாதி பதில்தான். அறை கிடைக்காதவரின் திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது. குறிப்பிட்ட நேரத்துக்குள் 'அறை இல்லை' என்று சொல்லிவிட வேண்டும். அவர் வேறு ஹோட்டல் பார்த்துக்கொள்வார். இதையும் சொன்னால்தான் பதில் முழுமையாகும்.

ஆவடியில் இருக்கும் நண்பர் ஒருவர் இதை நன்றாகவே சொன்னார். கேட்டது ஒரு பெரிய பயண நிறுவனம். ஆன்லைன் தேர்வு, இரண்டு டெக்னிக்கல் சுற்று, டிசைன் சுற்று, மேனேஜர், எச்ஆர் என்று எல்லாம் முடிந்து சம்பளம் வரைக்கும் பேசியாயிற்று. "ரெண்டு நாள்ல சொல்றோம்" என்றார்கள். ஏழு வாரம் ஆகிறது. மெயிலுக்கும் பதில் இல்லை. "அப்பா கேக்கறதையே நிறுத்திட்டாருங்க, அதுதான் கஷ்டமா இருக்கு" என்றார்.

யாருக்கும் வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கடமை ஒரு நிறுவனத்துக்கு இல்லை. அப்படியிருக்க, 'இல்லை' என்று சொல்லும் கடமை மட்டும் எங்கிருந்து வருகிறது?

அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது 1964-இல். அங்கே பட்டறை வாசலில் 'ஆட்கள் தேவை' என்ற பலகையை இன்றும் பார்க்கலாம். 'வேலை காலி இல்லை' என்ற பலகையும் தொழிற்சாலை கேட்டுகளுக்குப் பழக்கமானதுதான். படிக்கவே மனசு கனக்கும் பலகை அது. ஆனாலும் படித்தவர் அடுத்த கேட்டுக்கு நடந்துவிடலாம். அதே பேட்டையில் இப்போது கண்ணாடிக் கட்டடங்களில் ஐடி நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே பலகை கிடையாது.

இந்த மௌனத்தை அலட்சியம் என்று நினைக்கிறோம். பாதி அதுதான். மீதி ஒரு கணக்கு. நம்மூர் ஐடியில் 90 நாள் நோட்டீஸ் சாதாரணம். தேர்வானவர் அந்த மூன்று மாதத்தில் வேறு ஆஃபர் கிடைத்துப் போய்விடலாம். அதனால் இரண்டாவது, மூன்றாவது ஆளிடம் 'ஆமாம்' என்றும் சொல்வதில்லை, 'இல்லை' என்றும் சொல்வதில்லை. அவர்களுடைய நம்பிக்கையை ஸ்டாக் மாதிரி வைத்துக்கொள்கிறார்கள், வாடகை இல்லாமல்.

காக்க வைப்பதில் தப்பில்லை. ரயில்வேயும்தான் காக்க வைக்கிறது. ஆனால் வெயிட்டிங் லிஸ்ட்டில் நம் எண் என்ன என்று சொல்கிறது. சார்ட் தயாரானதும் முடிவு தெரிந்துவிடும். இடம் கிடைக்காத ஆன்லைன் டிக்கெட் தானாகவே ரத்தாகி, சிறு பிடித்தம் போக பணம் திரும்பி வரும். அந்தப் பயணி தெரிந்தே காத்திருக்கிறார், சம்மதித்துக் காத்திருக்கிறார். என் நண்பரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கடமை இங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். ஒருவருடைய நேரத்தை நாம் பிடித்து வைத்திருந்தால், அதை அவருக்குச் சொல்லியாக வேண்டும்.

ஆயிரக்கணக்கானவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பார்கள். 2020 மே மாதம் ஏர்பிஎன்பி தன் 7,500 ஊழியர்களில் சுமார் 1,900 பேரை நீக்கியது. எத்தனை பேர், ஏன், எவ்வளவு இழப்பீடு என்று அதன் தலைவர் பிரையன் செஸ்கி வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். வேலைநீக்கத்தை அந்தக் கடிதம் நியாயமாக்கிவிடாது. ஆனால் பெரிய எண்ணிக்கையிலும் கெட்ட செய்தியைச் சொல்ல முடியும் என்பது தெரிகிறது.

காரணம் சொன்னால் வழக்கு வரும் என்பது இன்னொரு பதில். முடிவைச் சொல்வது வேறு, காரணத்தைச் சொல்வது வேறு. நம் ஆட்கள் நிறைய பேர் வாழும் கனடாவின் ஒன்டாரியோவில் 2026 ஜனவரி 1 முதல் ஒரு விதி இருக்கிறது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணலுக்கு வந்தவரிடம், கடைசிச் சுற்றிலிருந்து 45 நாளுக்குள், முடிவு எடுத்தாயிற்றா என்று தெரிவிக்க வேண்டும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆஃபர் வாங்கிக்கொண்டு சேராமல், போனையும் எடுக்காமல் போகிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அதுவும் இதே தப்புதான். ஆனால் அதில் நிறுவனம் இழப்பது ஓர் ஆளை. இங்கே ஒரு வீடே மாதக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

நேர்காணல் எடுக்கும் நம்மில் பலர் கையில் ஆஃபர் லெட்டர் இல்லை. ஆனால் அடுத்த நாள் எச்ஆரிடம் "அவருக்குச் சொல்லியாச்சா?" என்று கேட்பது நம் கையில்தான் இருக்கிறது.