பிள்ளைகளோடு வழிநடக்கும் பெற்றோர்



உயிர்த்த ஆண்டவர் எம்மாவுசுக்குச் சென்ற இரு சீடரைச் சந்தித்த விதத்தை லூக்கா நற்செய்தியின் 24ஆம் அதிகாரத்திலே வாசிக்கிறோம். அவர்கள் ஜெருசலேமை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். ஆண்டவர் அவர்களுடைய வழியை மறிக்கவில்லை. அருகே வந்து கூட நடந்தார். எதைப்பற்றிப் பேசுகிறீர்கள் என்று விசாரித்தார். அவர்கள் சொல்லி முடிக்கும்வரை செவிமடுத்தார். அதன் பின்னரே கடிந்துகொண்டார், போதித்தார். மாலையில் அவர்களோடு பந்தியமர்ந்தார். அவர் அப்பத்தைப் பிட்டபோது அவர்களுடைய கண்கள் திறந்தன. அந்த வேளையிலேயே எழுந்து, தாமாகவே ஜெருசலேமுக்குத் திரும்பினார்கள்.

இன்று எமது பிள்ளைகள் எந்த வழியால் போகிறார்கள்? பாடசாலையும் ரியூசனும் முடிந்ததும் கைத்தொலைபேசியோடு ஒரு மூலையில் ஒதுங்குகிறார்கள். மைன்கிராப்ற் என்கிறார்கள், றோப்லொக்ஸ் என்கிறார்கள். எமக்கு ஒன்றும் விளங்குவதில்லை. சில பெற்றோர் ஏசிப் பறித்து வைக்கிறார்கள். வேறு சிலர், பிள்ளை சத்தமில்லாமல் இருந்தாற் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். பறித்தாலும் விட்டாலும், பிள்ளை அந்த வழியில் தனியாகவே நிற்கிறது.

அந்த விளையாட்டுத்தான் என்ன? சுவீடன் நாட்டில் உருவாகி 2011ஆம் ஆண்டில் முழுமையாக வெளிவந்த மைன்கிராப்ற்றை எடுத்துக்கொள்வோம். அங்கே முழு உலகமும் சதுரக் கட்டிகளால் ஆனது. மரம் தறித்து, கல் தோண்டி, வீடு கட்ட வேண்டும். இருட்டியதும் வரும் பயங்கர உருவங்களுக்குத் தப்ப வேண்டும். இணையத்தின் மூலம் பலர் ஒரே உலகத்துக்குள் நுழைந்து ஒன்றாகக் கட்டலாம், ஒன்றாகப் பயணம் போகலாம். அப்படியானால், தகப்பனும் தாயும் ஏன் அங்கே நுழையக்கூடாது?

இளைஞரின் தந்தையாகிய புனித தொன் பொஸ்கோ 1884ஆம் ஆண்டு மே மாதம் உரோமையிலிருந்து தம் சபையினருக்கு ஒரு கடிதம் எழுதினார். விளையாட்டு நேரத்திலே பெரியவர்கள் சிறுவர்களின் நடுவில் இல்லாமற் போனதையிட்டு அதில் வருந்தினார். பிள்ளைகளை நேசித்தால் மட்டும் போதாது, தாங்கள் நேசிக்கப்படுவதை அவர்கள் உணரவும் வேண்டும். பிள்ளைகளுக்கு விருப்பமானதைப் பெரியவர்கள் விரும்பினால், பெரியவர்களுக்கு விருப்பமானதைப் பிள்ளைகளும் விரும்பப் பழகுவார்கள் என்பது அவருடைய கருத்து. பாப்பரசர் பிரான்சிசும், குடும்ப அன்பைப்பற்றி 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட திருத்தூது அறிவுரை மடலிலே, பிள்ளையின் உடல் எங்கே இருக்கிறது என்பதைவிட அதன் உள்ளம் எங்கே இருக்கிறது என்று அறிவதே பெற்றோருக்கு முக்கியம் என்று நினைவூட்டினார்.

ஆகவே, ஒரு நாள் பிள்ளையின் பக்கத்தில் இருந்து, எனக்கும் இதைப் பழக்கிவிடு என்று கேட்டுப்பாருங்கள். நீங்கள் தீக்குழம்புக்குள் விழுவீர்கள். பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிக்கட்டும். வீட்டிலே எப்போதும் கற்றுக்கொள்பவன், அங்கே உங்களுக்குக் கற்பிப்பான். அவன் தோண்டியெடுத்ததைத் தங்கைக்குப் பகிர்கிறானா? கட்டிய வீட்டை மற்றொருவன் உடைத்தால் மன்னிக்கிறானா, வெகுளுகிறானா? சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறானா? கூட விளையாடும்போது இவையெல்லாம் உங்களுக்குத் தெரியவரும். புத்திமதிக்கு ஏற்ற வேளையும் அப்போதுதான் வரும்.

பிழைப்புக்காகக் கடல் கடந்து உழைக்கும் தகப்பன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. தொலைபேசியில், சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டபின் பேச்சு முடிந்துபோகிறதல்லவா? வாரத்தில் ஒரு நாள் அதே உலகத்தில் மகனோடு சேர்ந்து ஒரு வீட்டைக் கட்டுங்கள். கைகள் வேலையில் இருக்கும்போது அவன் தன் மனதில் உள்ளதைத் தானாகச் சொல்லுவான்.

ஆபத்துகளையும் மறைப்பதற்கில்லை. நீங்கள் நடக்காத வழியில் பிள்ளையோடு கூட நடக்க அந்நியன் வரக்கூடும். சிறுவன் என்று பெயர் சொல்லி வளர்ந்தவன் வரக்கூடும். ஆதலால் நீங்கள் அறிந்தவர்களை மட்டும் அழைக்கக்கூடிய தனி உலகத்தில் விளையாடுங்கள். அந்நியரோடு உரையாடும் வசதியை மூடிவையுங்கள். விளையாட்டுக்குள் விற்கப்படும் நாணயங்களுக்கு உண்மைப் பணம் போகிறது. அதற்கும் பூட்டுப் போடுங்கள். கதவடைத்த அறையில் வேண்டாம், விறாந்தையிலோ முன் அறையிலோ விளையாடுங்கள். கட்டுப்பாட்டை இழந்து, தீங்கு கண்டும் நிறுத்த முடியாமல் விளையாடுவதை உலக சுகாதார நிறுவனம் ஒரு கோளாறாகவே தன் நோய்ப்பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி புனிதராக உயர்த்தப்பட்ட இளைஞர் கார்லோ அக்கூத்திசும் வீடியோ விளையாட்டை விரும்பியவரே. ஆயினும் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்திருந்தார் என்று கூறப்படுகிறது.

நேரம் முடிந்ததும் பிள்ளையின் கருவியோடு உங்கள் தொலைபேசியையும் வையுங்கள். தகப்பன் பார்த்துக்கொண்டிருக்க, மகனை மட்டும் நிறுத்தச் சொன்னால் அந்தச் சொல்லுக்குப் பெறுமதி இருக்காது.

எம்மாவுஸ் பயணம் பந்தியிலே நிறைவுற்றது. உங்கள் விளையாட்டும் இராச் சாப்பாட்டிலும் செபமாலையிலும் வந்து முடியட்டும். தன்னோடு கூட நடந்தவர் அழைக்கும்போது பிள்ளை முணுமுணுக்காமல் எழுந்து வரும். வழிப்போக்கராக வந்து சீடரோடு நடந்த ஆண்டவர், பிள்ளைகளோடு நடக்கும் பொறுமையை எமக்குத் தந்தருள்வாராக!