நோயை மறைக்காத நாவுக்கரசர்



2023ஆம் ஆண்டு நத்தார் இரவு. திருவெம்பாவைக் காலமாதலால் அதிகாலைப் பூசைக்கு எழும்ப வேண்டுமென்று லண்டனிலுள்ள எமது வீட்டில் எல்லோரும் நேரத்தோடு படுத்துவிட்டோம். ஒரு மணியளவில் எமக்கு நெஞ்சின் நடுவில் கல்லை வைத்து அமுக்குவது போன்ற நோ எழுந்தது. அது இடது தோளுக்கும் தாடைக்கும் ஏறியது. மார்கழிக் குளிரிலும் உடல் வேர்த்து நனைந்தது.

மத்தியானம் உண்ட வடையின் வாய்வென்று எண்ணி இஞ்சித் தேநீர் போட்டுக் குடித்தோம். விபூதியை எடுத்து நெஞ்சில் பூசினோம். ஒருவரையும் எழுப்பவில்லை. பிள்ளைகளின் விடுமுறையைக் கெடுப்பதா, ஜனவரி 31க்குள் முடிக்க வேண்டிய வரிக்கணக்குகள் என்னாவது என்று கணக்காளர் மனம் கணக்குப் போட்டது. அதற்கு அடியில் வேறொன்றும் கிடந்தது. ஊரடங்கு இரவுகளில் வளர்ந்தவர்கள் நாம். இரவில் விளக்கை ஏற்றாதே, கதவைத் திறக்காதே என்று அன்று பழகிய பயம் இங்கு வந்தும் எம்மை விட்டு நீங்கவில்லை.

இரண்டு மணித்தியாலம் இப்படியே கழிந்தது. குசினி வெளிச்சத்தைக் கண்டு துணைவியார் எழுந்து வந்தார். "என்னப்பா, முகமெல்லாம் வெளிறிப்போய் இருக்கிறியள்?" என்றவர், எமது பதிலுக்குக் காத்திராமல் 999ஐ அழைத்தார். மறுமுனையில் சொன்னபடி அஸ்பிரின் குளிசை ஒன்றைச் சப்பி விழுங்கச் செய்தார். அம்புலன்ஸ் வந்தது. விடியுமுன் மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அடைபட்டிருந்த இருதய இரத்தக்குழாயைத் திறந்துவிட்டார்கள். "ஏன் இவ்வளவு நேரம் பொறுத்திருந்தீர்கள்?" என்று வைத்தியர் கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை.

கட்டிலிற் கிடந்தபோது அப்பர் பெருமானின் நினைவு வந்தது. சமணத்தில் தருமசேனராய்ப் பெரும்புகழுடன் இருந்தவரைச் சூலைநோய் பற்றியது. அங்கிருந்தவர்கள் செய்த சிகிச்சைகள் பலிக்கவில்லை. அப்போது அவர் தம் பெருமையைப் பார்க்கவில்லை. தமக்கையார் திலகவதியாருக்கு ஆளனுப்பினார். அவர் வர மறுத்தபோது, இரவோடிரவாகத் தாமே திருவதிகைக்குச் சென்று தமக்கையின் காலில் விழுந்தார். அதன் பின்புதான் திருநீறு கிடைத்தது, வீரட்டானத்து இறைவன் முன் முதற் பதிகம் பிறந்தது, நோயும் தீர்ந்தது.

திருநீறு அன்றிரவு எம்மிடமும் இருந்தது. ஆனால் அப்பர் தம் நோவைச் சொல்லிய பின் பூசினார். நாமோ அதை மறைப்பதற்காகப் பூசினோம். வித்தியாசம் அதுதான். வாய்திறந்து உதவி கேட்பது பக்திக் குறைவாகாது. அழைத்த குரலுக்கு ஓடிவந்த கைகளும் அவன் அனுப்பிய கைகளே.

திலகவதியாரையும் நினைக்க வேண்டும். தமக்கு நிச்சயிக்கப்பட்ட கலிப்பகையார் போரில் மாண்டபோது தாமும் உயிர்விடத் துணிந்தவர், தம்பியாருக்காகவே உயிர்தாங்கினார். போரிலிருந்து தப்பி வந்த எமக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. இந்த உயிர் எமக்கு மட்டும் உரியதன்று. எம்மை நம்பியிருப்போருக்காக அதைக் காப்பதும் சிவதொண்டே.

ஆகவே அடியார்களே, தென்னாசியரான எம்மிடையே இருதய நோயும் நீரிழிவும் அதிகம் என்பதை மறவாதீர்கள். இங்கிலாந்தில் 40 முதல் 74 வயதுவரை, ஏற்கெனவே இத்தகைய நோய் இல்லாதவர்களுக்கு ஐந்தாண்டுக்கொருமுறை இலவச உடற்பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதத்தை மேசையிற் போட்டுவிடாதீர்கள். நெஞ்சு நோவெடுத்தால், அது நத்தாராயினும் தைப்பொங்கலாயினும், வாய்வென்று காத்திராமல் உடனே அழையுங்கள். அருகில் இருப்பவரை எழுப்புங்கள். விபூதியையும் பூசுங்கள்.

அடுத்த ஆண்டுத் திருவெம்பாவைக்கு ஆலயத்தில் நின்றோம். இரண்டாம் மணி ஒலித்தபோது, அருகில் நின்ற துணைவியாரைப் பார்த்த பின்பே சந்நிதியை நோக்கிக் கைகூப்பினோம்.

திருச்சிற்றம்பலம்.