வெட்டி எறிந்த துண்டு

பொய் சொல்வதற்குப் பொய் அவசியம் என்றுதான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். ஒரு சினிமா முன்னோட்டம் அந்த எண்ணத்தைக் கலைத்துவிட்டது.

ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' (1980) பயங்கரமான படம். பனி சூழ்ந்த ஓட்டலில் சித்தம் கலங்கிய தகப்பன், மனைவியையும் மகனையும் கோடரியோடு துரத்துகிறான். 2005-இல், நியூயார்க்கில் படத்தொகுப்பு உதவியாளராயிருந்த ராபர்ட் ரியாங், ஒரு போட்டிக்காக அதே காட்சிகளை வெட்டி ஒட்டி, குதூகலமான குடும்பப் படத்தின் முன்னோட்டமாக்கிக் காட்டினார். புதிதாக ஒரு காட்சிகூட எடுக்கவில்லை. பயங்கரத்தை விட்டார், கனிவாகத் தோன்றிய கணங்களைப் பொறுக்கினார், கலகலப்பான அறிமுகக் குரலையும் பீட்டர் கேப்ரியலின் உற்சாகமான பாட்டையும் சேர்த்தார்.

அந்தக் குரலை நீக்கிவிட்டாலும் மயக்கம் தீராது. ஜாக் நிக்கல்சனின் சிரிப்பு படத்தில் முதுகைச் சில்லிட வைக்கும். இங்கே மனசுக்கு இதமாயிருக்கிறது. உதடு அதுவேதான், முன்னும் பின்னும் வரும் காட்சியும் இசையுந்தான் வேறு.

வேடிக்கைதான். ஆனால் எனக்குச் சிரிக்க முடியவில்லை. ஒரு சமயம் என் தகப்பனாரைப் பற்றி எழுதினேன். அவர் கோபங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினேன். அத்தனையும் நடந்தவை. படித்துவிட்டு அம்மா கேட்டாள்: "உனக்கு ஜுரம் கண்ட ராத்திரியெல்லாம் உங்கப்பா விடிய விடிய முழிச்சிருந்தாரே, அது எங்கேடா?"

நான் பேசவில்லை. வெட்டாமல் கதை இல்லை, வாஸ்தவம். ஆனால் வெட்டி எறிந்த துண்டுக்கும் எங்கோ ஒரு சாட்சி இருக்கத்தான் செய்கிறது.