உருகாத சேர்க்கை

மயிலையில் கபாலீசுவரரைத் தரிசித்துவிட்டு வேதாந்த தேசிகர் கோயில் வழியாகத் திரும்பும்போதெல்லாம், ஜீவன் பரமாத்மாவில் கரைந்து ஒன்றாகிறதா, அன்றித் தன் ஸ்வரூபம் அழியாமலே அவனோடு கூடியிருக்கிறதா என்ற பழைய கேள்வி என்னைத் தொடர்ந்து வரும்.

1959-இல் ஜெர்மானிய உதவியுடன் அடையாற்றின் தென்பால் எழுந்த ஐ.ஐ.டி.யில் உலோக இணைப்பை ஆராய்பவர்களுக்கும் ஏறத்தாழ இதே விசாரந்தான். வெல்டிங் சுடரில் இரு தகடுகளின் விளிம்புகளும் உருகி, எல்லை மறைந்து ஒன்றாகின்றன. 1991-இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்த உராய்வு இணைப்பு முறையிலோ, சுழலும் முளையொன்று அலுமினியத்தை, அது உருகும் 660 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே, பிசைந்த மாவைப்போல் இளக்கி இணைத்துவிடுகிறது.

வெல்டிங்கால் ஒட்டிய மண்வாரி இயந்திரத்தின் கை, மீன்செதில் போன்ற ஒட்டுத் தையலில் முறியாமல், சூடு தாக்கிய ஓரத்தில் முறிந்திருக்கக் கண்டிருக்கிறேன். உருகிக் கூடுவது, உருகாமல் கூடுவது இரண்டும் மெய்யான சேர்க்கையே. எனினும், ஆனந்தத்தை அனுபவிக்க ஒருவன் எஞ்சியிருக்க வேண்டுமே என்று என் நெஞ்சம், ஜீவனின் ஸ்வரூபம் அழிவதில்லை என்ற தேசிகர் பக்கமே சாய்கிறது.