இறக்கை முளைத்த போக்காடு

லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் வருகின்றன. சீட்டுப் போட்டு ஒன்றைப் பலியிடுவார்கள். மற்றதன் தலையில் கைவைத்து, ஜனங்களின் பாவத்தையெல்லாம் அறிக்கையிட்டு வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தமிழ் பைபிளில் அதற்குப் பெயர் போக்காடு. ஆடு செய்த பாவம் என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

கொள்ளைநோய் வந்தால் அந்த ஆட்டுக்கு இறக்கை முளைத்துவிடுகிறது. 2018இல் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா 17 பேரைக் கொன்றபோது, ஒரு வீட்டுக் கிணற்றுக்குள் இருந்த வௌவால்கள்மீதுதான் முதலில் கண் விழுந்தது. பரிசோதித்தால், அவை பூச்சி தின்பவை, அவற்றிடம் வைரஸ் இல்லை. பிறகு பழந்தின்னி வௌவால்களிடம் கிடைத்தது. ஆக, வௌவால் குலமே அப்பாவி என்றும் வாதாட முடியாது.

டெங்குவின் வழக்கு வேறு. கோஸ்டா ரிக்காவில் மனிதர்களை ஒட்டி வாழும் வௌவால்களைப் பற்றி 2017இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறக்குறைய ஐந்தில் ஒன்றின் இரத்தத்தில் டெங்கு எதிர்ப்பொருள் இருந்தது. சிலவற்றின் உறுப்புகளில் வைரஸின் மரபணுத் தடயமும் இருந்தது. அவசரக்காரருக்குத் தீர்ப்பெழுத இவ்வளவு போதும். ஆய்வாளர்கள் இன்னும் தோண்டினார்கள். உயிருள்ள வைரஸை அவற்றிடமிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. கடிக்கும் கொசுவுக்குத் தொற்றவைக்கும் அளவுக்கு அவற்றின் உடலில் வைரஸ் இல்லை. டெங்குவுக்கு வௌவால் ஒரு முட்டுச்சந்து. மனிதரிடம் சுற்றிய நோய் அங்கே போய் நின்றுவிட்டது.

டெங்குவைப் பரப்பும் கொசுவும் அந்த மண்ணுடையதல்ல. ஏடிஸ் எஜிப்டி ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களோடு அமெரிக்கக் கரை சேர்ந்தது. கோஸ்டா ரிக்காவில் பல்லாண்டு ஓய்ந்திருந்த டெங்கு, 1993இல் திரும்பியது.

அப்படியானால் பழி யாருக்கு? செய்கையின் வேர் எண்ணம் என்றார் புத்தர். அந்தத் தராசில் நிறுத்தால் கொசுவும் வௌவாலும் விடுதலை. ஆனால் வௌவால்களின் காட்டைத் திருத்தி அவற்றின் அருகே குடியேறியவரும் விடுதலைதான். வௌவாலுக்கு நோய் கொடுக்க வேண்டும் என்று எவரும் எண்ணவில்லையே!

சமணத்தின் தத்துவார்த்த சூத்திரம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. கவனமின்மையால் உயிருக்கு ஊறு நேர்ந்தால் அதுவே இம்சை என்கிறது. கவனமின்மைக்கு அது வைத்த சொல் ‘பிரமாதம்’. தமிழில் அதே சொல் பாராட்டாகிவிட்டது தனி வேடிக்கை.

இந்தத் தராசில் வௌவால் ஏறவே வேண்டியதில்லை. ஏற வேண்டியவர்கள் வரிசையில் நிற்கிறார்கள்: மரத்தை வெட்டியவர், வெட்ட அனுமதி தந்தவர், கொல்லையில் மழைநீர் தேங்கிய டயரைக் கவிழ்க்காமல் கடந்துபோனவர். யாருக்கு எத்தனை பங்கு என்ற கணக்கைச் சூத்திரம் போட்டுத் தரவில்லை.